அழவிடாத அக்கா

என் ரசத்தை அக்கா ஒருநாளும் குடித்ததில்லை. புதன்கிழமைதோறும் வீட்டிலிருந்து சின்ன பிளாஸ்க் ஒன்றில் வேலைக்குக் கொண்டுபோய் அவரிடம் கொடுப்பேன். "இந்த மாதிரி ரசம் எங்க அம்மா கையாலகூட நான் சாப்பிட்டதில்லமா" என்பார். நான் பூரித்துப்போய் அடுத்த புதன்கிழமை இன்னும் கொஞ்சம் புளியைக் கூட்டிக் கரைப்பேன். அவருக்கோ புளி ஆகாது. வாயில் வைத்தாலே நெஞ்சு எரியுமாம். தொழிற்சாலைப் பின்கதவுக்குப் பக்கத்தில் நின்ற கறிவேப்பிலைச் செடிதான் வருஷக்கணக்கில் என் ரசத்தைக் குடித்திருக்கிறது. துடைத்துக் கூட்ட வரும் மலாய்க்கார அம்மா ஒருநாள் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னார்.

"சொல்லியிருக்கலாமே அக்கா" என்றேன்.

"நீ ஆசையா கொண்டாந்த. வேணாம்னா மொகம் சுண்டிப்போயிடுமே லா."

நானும் சிரித்துவிட்டேன். என்ன தங்கமான மனசு என்று அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். எனக்கு அறிவு இருந்திருந்தால் அன்றே விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அக்காவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இங்கே மலாக்காவில், குருபோங்கில் பாதிப் பேர் என்னைத் திட்டுவார்கள், மீதிப் பேர் எனக்காகப் பரிதாபப்படுவார்கள். இரண்டும் எனக்கு வேண்டாம். இத்தனைக்கும் பிறகும் 'அவர்' என்றுதான் எழுத வருகிறது. கை அப்படிப் பழகிவிட்டது.

குருபோங் தொழிற்பேட்டையில் நாங்கள் வேலை செய்த இடம் சின்னது. ஒரு பக்கம் டயர் கிடங்கு, மறுபக்கம் நாற்காலி செய்கிறவர்கள். நடுவில் நாங்கள் பாக்டீரியா வளர்த்துக்கொண்டிருந்தோம். சாப்பாட்டுக் கடைகளில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் கொழுப்பைத் தேக்கி வைக்கும் பெட்டி ஒன்று இருக்கும். அது அடைத்துக்கொண்டால் கடையே நாறிப்போகும். அந்தக் கொழுப்பைத் தின்கிற நொதி ஒன்றைத் தயாரித்து விற்பதுதான் எங்கள் முதலாளியின் கனவு. நொதி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, நம் எச்சிலில் இருக்கிறதே, சோற்றை இனிப்பாக்குவது, அந்த ஜாதிதான். அதை பாக்டீரியாவிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுவோம்.

சும்மா சொன்னால் அது செய்யாது. கடைத் தண்ணீரில் சோப்பு இருக்கும், சூடு இருக்கும். இரண்டிலும் நொதி சுருண்டுவிடும். அதனால் அந்த நொதிக்கான மரபணுவை வேண்டுமென்றே தப்பும் தவறுமாகப் பிரதி எடுப்போம். ஆயிரக்கணக்கில் தப்பான பிரதிகள். ஒவ்வொன்றையும் ஒரு பாக்டீரியாவுக்குள் போட்டு, கொழுப்பு கலந்த தட்டில் வளர்ப்போம். தட்டு பால் மாதிரி வெளுத்திருக்கும். நொதி நன்றாக வேலை செய்கிற புள்ளியைச் சுற்றி மட்டும் கொழுப்பு கரைந்து தெளிவாக ஒரு வளையம் விழும். பெரிய வளையத்தைப் பொறுக்கி எடுத்து, கொஞ்சம் சோப்பையும் சூட்டையும் கூட்டி, மறுபடி தப்புப் பண்ணவைத்து, மறுபடி பொறுக்குவோம். சுற்றுச் சுற்றாக இதேதான். நல்ல தப்பைப் பொறுக்குகிற தொழில் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். இந்தத் தொழிலில் ஒரே ஒரு நேர்மைதான் உண்டு. செத்ததைச் செத்தது என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த சுற்று முழுக்கப் பொய்யாகிவிடும்.

அக்காதான் அங்கே எல்லாவற்றுக்கும் மேற்பார்வை. நாற்பதைத் தாண்டிய, குள்ளமான, பூசினாற்போன்ற உடம்பு. கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சின்னச் சிலுவை. பக்கத்தில் வந்தாலே தைல வாசனை. தட்டுகளை வெதுவெதுப்புப் பெட்டிக்குள் அடுக்கிக் கதவைச் சாத்தும்போது அதன்மேல் கட்டைவிரலால் ஒரு சிலுவை போடுவார். காலையில் யார் உள்ளே நுழைந்தாலும் "பசியாறியாச்சா?" என்பார். இல்லை என்று சொல்லிவிட்டால் போச்சு, நாசி லெமாக், அதுதான் தேங்காய்ப்பால் சோறு, பொட்டலம் ஒன்று எங்கிருந்தோ முளைத்துவிடும். நான் சேர்ந்த முதல் வாரத்தில் என் தட்டுகளைப் பார்த்துவிட்டு, "உனக்கு நல்ல கைமா. பாரு, ஒரு பூசணம் இல்ல" என்றார். லூபோக் சீனா பக்கத்தில் எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் தோட்டத்திலிருந்து படித்து வந்தவள் நான். யாரும் என் கையைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே வருஷங்களை ஓட்டினேன்.

கெட்ட செய்தி சொல்ல மட்டும் அக்காவால் முடியாது. குடுவைகளை ஆட்டும் இயந்திரம் ஒருமுறை கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. முதலாளியிடம் சொல்ல வேண்டியது அக்காவின் பொறுப்பு. முதலாளி அந்த வாரம்தான் ஒரு பெரிய கடைக்காரர் கைவிட்டுப் போன துக்கத்தில் இருந்தார்.

"மெஷின்லாம் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் ஓடுது சார்" என்றார் அக்கா. பின்னாலேயே அது கரகரத்துக்கொண்டிருந்தது.

"என்னக்கா இப்படிச் சொல்லிட்டீங்க?" என்றேன் முதலாளி போன பிறகு.

"பாவம், மொகத்தப் பார்த்தியா? இன்னிக்கு வேணாம் லா. அப்புறம் பார்த்துக்கலாம்."

சனி ஞாயிறில் இயந்திரம் நின்றுபோனது. குடுவைகளெல்லாம் கெட்டு, எங்கள் எல்லாருடைய உழைப்பும் சாக்கடைக்குப் போனது. முதலாளி குதித்தார். அக்கா மூலையில் உட்கார்ந்து அழுதார். அவ்வளவுதான், உழைப்பைப் பறிகொடுத்தவர்களே சுற்றி நின்று அவரைத் தேற்றினார்கள். முதலாளியும் கடைசியில் "சரி விடுங்கம்மா, மெஷின்தானே" என்றார். நான் ஒருத்திதான் தள்ளி நின்று, "சார் கேட்டப்பவே சொல்லியிருந்தா ரிப்பேர் பண்ணியிருக்கலாம்" என்றேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே. கல்நெஞ்சுக்காரி என்று அன்றைக்கு வாங்கிய பட்டம் கடைசிவரை போகவில்லை.

ஆமாம், எனக்கு வாய் நீளம்தான். கெட்டதை முதலில் போட்டு உடைத்துவிடுவேன். முதலாளியின் சட்டை அவருக்குப் பொருந்தவில்லை என்றாலும் சொல்லுவேன். அப்படி யாரிடமாவது வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தால் அக்காதான் முதுகைத் தடவுவார். அதனால்தான் அவர்மேல் எனக்கு அத்தனை ஒட்டுதல். வேறு யாரையும் நான் என் தட்டுகளைத் தொடவிட்டதில்லை.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. தீபாவளிக்கு நான் லீவு போட்டால் என் பாக்டீரியாவை அக்கா பார்த்துக்கொள்வார். கிறிஸ்துமஸுக்கு அவர் போனால் அவருடையதை நான். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவது மாதிரி. வரும்போது நான் முறுக்கு டின் கொண்டுவருவேன், அவர் ஜனவரியில் பழக்கேக் கொண்டுவருவார். ஒரு தீபாவளிக்கு எங்கள் தோட்டத்து வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா செய்த அதிரசம் கல்லாக இருந்தது. அக்கா மூன்று தின்றுவிட்டு இன்னும் கேட்டார். அம்மா அன்றைக்கே அவர் பாசத்தில் விழுந்துவிட்டாள்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம்தான் எனக்கு அது கிடைத்தது.

சோப்பும் சூடும் சேர்ந்த தட்டில் மற்ற புள்ளிகளெல்லாம் வெறும் புள்ளிகளாக நிற்க, ஓரத்தில் ஒன்று மட்டும் தன்னைச் சுற்றி இத்தனை பெரிய வளையம் போட்டிருந்தது. நம்பாமல் மறுபடி செய்தேன். திரும்பத் திரும்பச் செய்தேன். ஒவ்வொரு தடவையும் வளையம் விழுந்தது. முதலாளி வந்து தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு பேட்டன்ட் போடணும்மா. ஒன் பேர்லதான்" என்றார். என் பேரில். செம்பனைப் பழம் பொறுக்கிய அப்பாவின் பெயரும் அதில் தலைப்பெழுத்தாக ஒட்டிக்கொண்டு வருமே என்று நினைத்து, கழிவறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

அதை ஒரு குழாயில் எடுத்துவைத்தேன். இரண்டாவது குழாய் ஒன்று எடுத்து வேறு உறைபெட்டியில் வைப்பது எங்கள் வழக்கம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தட்டையும் குழாயையும் நீலத் தட்டத்தில் ஒன்றாக வைத்து அக்கா கையில் கொடுத்தேன்.

"அக்கா, ரெண்டாவது மட்டும் நீங்க எடுத்து வச்சிடுங்க. பத்திரம்."

"நீ போய் பலகாரம் சாப்பிடு. நான் இருக்கேன்ல" என்றார்.

திரும்பி வந்தபோது என் மேசை பளபளவென்று இருந்தது. உறைபெட்டிக்கு ஒன்றாக இரண்டு குழாய்கள், இரண்டிலும் என் பெயர். முறுக்கு டின்னை நீட்டினேன். அக்கா ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். அதற்கென்ன, அவர் எதைக் கொடுத்தாலும் கடிப்பவர்தானே.

அந்தக் குழாயிலிருந்துதான் பெரிய கலனில் வளர்த்தார்கள். கலனிலிருந்து வந்த நொதியைச் சோதித்து அனுப்புவது அக்காவின் வேலை. "நல்லாருக்கு" என்று அனுப்பிவிட்டார். கடலோரத்து உம்பாயில் சுட்ட மீன் கடை வைத்திருக்கும் ஒரு மலாய்க்காரரிடம் முதலாளி பேசி வைத்திருந்தார். விடுமுறைக் கூட்டம் வரும் சனிக்கிழமை, கொழுப்புப் பெட்டி நிரம்பி வழிகிற நாள், எங்கள் நொதியை ஊற்றி எல்லாருக்கும் காட்டுவது என்று ஏற்பாடு. வாங்குவதாகச் சொன்ன ஆட்கள் சிலரும் வந்திருந்தார்கள். நான் புதுப் பஞ்சாபி உடை போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

நொதியை ஊற்றினோம். காத்திருந்தோம். கொழுப்பு அப்படியே மஞ்சள் பாளமாக மிதந்தது. இன்னும் ஊற்றினோம். கடையில் கூட்டம் ஏற ஏற, பெட்டி பொங்கி, அழுக்குத் தண்ணீர் மீன் வாங்க நின்றவர்கள் காலடிக்கு வந்தது. கடைக்காரர் கோபப்படக்கூட இல்லை. துடைப்பத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் கூட்டினேன். வந்த ஆட்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

அடுத்த வாரம், மரபணுவைப் படித்துப் பார்க்க வெளியே அனுப்பியிருந்த மாதிரிகளின் முடிவும் வந்தது. செலவு மிச்சம் பிடிக்க முதலாளி எல்லாவற்றையும் சேர்த்துவைத்துத்தான் அனுப்புவார், அதனால் அத்தனை தாமதம். என் பெயர் போட்ட குழாயில் இருந்தது புதியது இல்லை, அதற்கு முந்தின சுற்றில் கிடைத்த பழையது. சாதாரணத் தண்ணீரில் வேலை செய்யும், சோப்பில் சுருண்டுவிடும். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அன்னிக்கு எனக்குக் காட்டின தட்டுல சோப்பு போட்டிருந்தியா? புதுசுன்னு ஒண்ணு எப்பவாவது இருந்துச்சாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். மறுநாள் எல்லாரையும் வைத்துப் பேசுவோம் என்றார்.

மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நான்தான்மா" என்றார்.

"என்ன நான்தான்?"

"நீ லீவுல போனப்ப ஒன் மேசையத் தொடச்சு வைக்கலாம்னு பார்த்தேன். கழிவுத் தட்டமும் நீலமா, இதுவும் நீலமா, எல்லாம் ஒண்ணா ஆவிப்பானைக்குள்ள போயிடுச்சு. தொறந்து பார்க்கிறேன், எல்லாம் வெந்து கெடக்கு."

கையை உருவிக்கொண்டேன். "அப்புறம்?"

"பழசு இருந்துச்சுல்ல. அத எடுத்து வச்சேன். கொஞ்சம்தானே வித்தியாசம்னு நெனச்சேன். நீ எவ்வளவு சந்தோஷமா வந்த. முறுக்கு டின்னோட. எப்படிமா சொல்லுவேன்? நீ அழுதிருப்பியே."

"அழுதிருப்பேன்க்கா. அழுதுட்டு மறுபடி அந்தச் சுற்ற ஓட்டியிருப்பேன். கொஞ்ச வாரத்துல திரும்ப எடுத்திருப்பேன். சோதிச்சு அனுப்பினதும் நீங்கதானே? சோப்புல போட்டுப் பார்த்தீங்களா?"

"பார்த்தா தெரிஞ்சிடுமே" என்றார்.

அதற்குமேல் சொன்னதுதான் என்னை அறுத்தது. சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "இது என்ன மொத தடவையா? நீ வந்த மொத வாரமே ஒன் தட்டெல்லாம் பூசணம் புடிச்சிடுச்சு. நான் ராவோட ராவா புதுசா போட்டு வைக்கலியா? அப்புறம்கூட அப்பப்ப செஞ்சிருக்கேன். நீ நல்லாத்தானே வந்த?"

நல்ல கை என்றாரே, அந்தக் கை யாருடையது என்று அந்தப் படியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். இத்தனை வருஷத்தில் எந்தத் தட்டு நான் போட்டது, எந்தத் தட்டு அவர் போட்டது, இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. என் தப்பை என்னிடம் காட்டியிருந்தால் நான் திருத்திக்கொண்டிருப்பேனே. அதற்குக்கூட என்னை நம்பவில்லை.

"நாளைக்கு சார்கிட்ட நானே சொல்றேன்" என்றார். "சத்தியமா." சிலுவையைத் தொட்டுக்கொண்டார். நான் நம்பினேன்.

மறுநாள் முதலாளி எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா முதலாளியைப் பார்த்தார்.

"அக்கா, சொல்லுங்க" என்றேன்.

அக்கா எழுந்தார். கண்ணில் தண்ணீர் ஓட ஆரம்பித்துவிட்டது. "சார், சின்னப் பொண்ணு. ஆசைப்பட்டுட்டா. ஏதோ கொழா மாறிப்போயிருக்கும். வேணும்னு செஞ்சிருக்க மாட்டா. அவளுக்காக நான் மன்னிப்புக் கேக்கறேன். வேலைய மட்டும் எடுத்துடாதீங்க சார்."

நான் கத்தினேன். நேற்று படியில் சொன்னதையெல்லாம் கத்தினேன். ஆவிப்பானை, நீலத் தட்டம், பழைய குழாய், எல்லாம். அக்கா மறுக்கவே இல்லை. தலையைக் குனிந்து அழுதுகொண்டே, "பரவால்ல சார், அவ மனசு கொதிச்சுப்போயிருக்கு, என்னைச் சொன்னா அவளுக்கு ஆறும்னா சொல்லட்டும்" என்றார். அந்தக் கண்ணீர் பொய் இல்லை. எனக்காகத்தான் அழுதார். கொடுமையே அதுதான்.

அறையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் என் கதை முடிந்துவிட்டது. யாரைப் பார்த்து என்ன சொல்லுகிறாள் பார் இந்த வாயாடி என்கிற பார்வை. முதலாளி, "அவங்க கேட்டுக்கிட்டதால வேலைல வச்சிருக்கேன்" என்றார். நான் அன்றே சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அக்கா பின்னாலேயே ஓடிவந்தார். கையில் பொட்டலம். "பசியாறாம போறியேமா."

"ஏன்க்கா சொல்லல?"

"சொல்லத்தான் எந்திரிச்சேன். சாரோட மொகத்தப் பார்த்தேன். உம்பாய்ல பட்ட அவமானம் அப்படியே இருந்துச்சு. நானும் சேர்ந்து ஏமாத்திட்டேன்னு தெரிஞ்சா மனுஷன் ஒடைஞ்சிடுவாரு லா."

"என் மொகத்தப் பார்க்கலியா?"

அக்கா பொட்டலத்தை என் மோட்டார்சைக்கிள் கூடைக்குள் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அதை எடுத்து அவர் காலடியில் வீச வேண்டும்போல் இருந்தது. வீசவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மாவிடம் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்த அக்கா அப்படியெல்லாம் செய்ற ஆளு இல்லடி. நீதான் எதாச்சும் வாயக் குடுத்திருப்ப" என்றாள். பெற்ற தாய். அப்புறம் நான் யாரிடமும் சொல்லவில்லை.

குருபோங்கில் அந்தச் சுற்றை மறுபடி ஓட்டினார்களாம். அக்காவே உட்கார்ந்து ஓட்டினாராம். நல்ல வளையம் ஒன்று கிடைத்ததாம். பேட்டன்ட் விண்ணப்பத்தில் என் பெயரையும் போடச் சொல்லி முதலாளியிடம் கெஞ்சினாராம், அவர்தான் முடியாது என்றுவிட்டாராம். இதைச் சொன்ன, அங்கே வேலை பார்க்கும் பெண், "அவங்களுக்கு ஒன்மேல எவ்வளவு பாசம் பாரேன்" என்றாள்.

எனக்கு வேலை கிடைக்கவில்லை. மலாக்காவில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். போகிற இடமெல்லாம் இனிமையாகப் பேசுவார்கள், பிறகு கூப்பிட மாட்டார்கள். அம்மாவுக்கு முழங்காலில் அறுவை செய்ய வேண்டியிருந்தது. தோட்ட நிர்வாகம் கொடுத்திருந்த வீட்டையும் காலி பண்ணச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாள் போகப் போக நான் தையல்கடை, நகைக்கடை என்றெல்லாம் கேட்க ஆரம்பித்திருந்தேன். அப்போதுதான் உணவுப் பொருட்களைச் சோதிக்கும் ஒரு ஆய்வுக்கூடத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

மேலாளர் நம் தமிழ் ஆள்தான். அன்பாகப் பேசினார். என் தாள்களை மூடி வைத்துவிட்டு, "பழைய எடத்துல விசாரிச்சேன்மா" என்றார். "அந்த அக்காகிட்ட ரொம்ப நேரம் பேசினேன். ஒங்க வேலையப் பத்தி அப்படிப் புகழ்ந்தாங்க. அந்தக் கொழா விஷயத்தையும் சொன்னாங்க, மறைக்கல. அவசரத்துல பொய்க் கணக்கு காட்டிட்டா, ஆனா மனசார வருந்திட்டா, இனிமே செய்ய மாட்டா, அதுக்கு நான் பொறுப்புன்னாங்க. போன்லயே அழுதுட்டாங்க. ஒங்களுக்காக ஒருத்தங்க இப்படி நிக்கிறாங்களே, அதுக்காகத்தான் கூப்பிட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். நான் எதையும் பொய்யாகக் காட்டவில்லை, அந்த வளையத்தை என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். அக்காவின்மேல் அவருக்கு வந்திருந்த மரியாதை அதில் அப்படியே தெரிந்தது. அது கலைந்தால் நான் வெளியே.

"அந்தப் பழக்கமெல்லாம் விட்டாச்சுதானேம்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"விட்டாச்சு சார்" என்றேன்.

திங்கட்கிழமை வரச் சொன்னார்.